HB-க்கும் H-க்கும் நடுவில்

அந்த மனிதர் மேஜைமேல் டிபன் பாக்ஸை வைத்ததும், யாரோ புண்ணியவான் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். காலையிலிருந்து மேடமும் நானும் வெறும் டீயில் ஓடிக்கொண்டிருந்தோம். அவர் மூடியைத் திறந்தார். சோறும் இல்லை, குழம்பும் இல்லை. ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஒரு துணிச்சுருள். துணிக்குள் பேனா மாதிரி ஒரு ஊசி.

"இன்சுலின்," என்றார். "என் சம்சாரத்தோடது. காலையிலயும் ராத்திரியும் போட்டாகணும். முந்தாநாள் காலையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போனா. திரும்பி வரலை. இன்னிக்குக் காலையிலதான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவுல அப்படியே இருந்துச்சு மேடம். இதை விட்டுட்டு அவ ஒரு ராத்திரிகூட வெளியில தங்கமாட்டா."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அதை வைத்து நான் கண்டுபிடிக்கவில்லை, சட்டைப் பையில் கம்பெனி பேட்ஜ் தொங்கியது. நான் துப்பறிகிற லட்சணம் இவ்வளவுதான். உண்மையில் துப்பறிகிறவர் மேடம். இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே இந்த அறையை வாடகைக்குப் பிடித்து வாசலில் போர்டு மாட்டிவிட்டார். நான் வண்டி ஓட்டுவேன், டீ வாங்குவேன், பேசுவேன். கடைசி வேலையை யாரும் கேட்காமலேயே செய்வதால் மேடம் எனக்கு வைத்த பெயர் லொடலொடா.

"போலீஸ்?" என்றார் மேடம்.

"சிரிக்கிறாங்க மேடம். அவளே எனக்குப் போன் பண்ணி, போறேன்னு சொல்லிட்டா இல்ல? 'விவரம் தெரிஞ்ச பொம்பளை, அவங்க இஷ்டம், நீ போய்ப் பிள்ளையைக் கவனி'ன்னுட்டாங்க."

"போன் எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"அப்புறம் ஏன் நேத்தே வரலை?"

அவர் டிபன் பாக்ஸின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். "கோவம் மேடம். எவன் கூடப் போனாளோன்னு கோவம். பாப்பாவை என் அக்கா வீட்டுல விட்டுட்டு, நேத்து முழுக்க வெறி பிடிச்ச மாதிரி வேலைக்குப் போயிட்டேன். கடையில வாங்கித் தின்னேன். ஃப்ரிட்ஜ் பக்கமே போகலை."

மேடம் அவரைத் திட்டவில்லை. யாருக்கோ போன் போட்டார். தெரிந்த டாக்டர். ஊசி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றதால் பதில் எனக்கும் கேட்டது. முதலில் தாகம், பிறகு வாந்தி, பிறகு மூச்சு வாங்கும், பிறகு நினைவு தப்பும். "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் விடாதீங்க மேடம்," என்றார் டாக்டர். வெளியே உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"போன்ல என்ன சொன்னாங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாளாக மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்த பேச்சு என்பதால் ஒப்பித்த பாடம் மாதிரி வந்தது. "'நான் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேன். கொஞ்ச நாள் தேடாதீங்க. போலீசுக்குப் போகாதீங்க, எனக்கு அசிங்கம். பாப்பாவுக்குப் படம் வரைய நல்ல காரீயப் பென்சில் ஒண்ணு வாங்கிக் குடுங்க. HB-யும் வேணாம், H-உம் வேணாம். நடுவுல இருக்கிற F. மறந்துடாதீங்க, F.' அவ்வளவுதான். வச்சுட்டா."

கண்ணைத் திறந்தபோது தண்ணீர் நின்றது. "குடும்பத்தையே உதறிட்டுப் போறவ கடைசியாப் பேசுற பேச்சா மேடம் இது? நான் சாப்பிட்டேனான்னு கேட்கலை. பாப்பா அழுதாளான்னு கேட்கலை. பென்சிலாம்!"

"அதான் நல்ல சேதி," என்றார் மேடம், செருப்பை மாட்டிக்கொண்டே. "புருஷனை விட்டுட்டுப் போறவ பென்சிலைப் பத்திப் பேசமாட்டா. பக்கத்துல எவனோ கேட்டுட்டு நிக்கிறான்னு தெரிஞ்சவதான் பேசுவா. உங்க சம்சாரம் என்ன வேலை பார்க்கிறாங்க?"

"கட்டட பிளான் வரைவா. ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல. கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை, கையால."

"லொடலொடா, வண்டியை எடு."

எடுத்தேன். அந்த டிபன் பாக்ஸைப் பார்த்த பிறகு பசி எங்கே போனது என்றே தெரியவில்லை.

*

ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் ஆர்க்கிடெக்ட் இல்லை. ஒரு ஜூனியர் பெண் மட்டும் இருந்தாள். கண்ணாடி போட்டவள், பயந்தவள், நல்லவள். "அக்கா லீவுன்னு நினைச்சேன்," என்று சொல்லும்போதே மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அக்காவின் மேஜை ஜன்னலோரம். சரிவான பலகை, அதன்மேல் நேர்கோடு போடுகிற டி-ஸ்கொயர், ஓரத்தில் துளை போட்ட ஒரு மரக்கட்டை. துளைக்கு ஒன்றாகப் பென்சில்கள், பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி வரிசையாக நின்றன. எல்லா முனையும் ஒரே மாதிரிச் சீவியிருந்தது.

"இதுல F எது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா," என்றார் மேடம்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள். "இந்தக் கோடியில 6H மேடம். H-ன்னா கெட்டி. உள்ளே களிமண்ணு ஜாஸ்தி, கரி கம்மி. முனை ஊசி மாதிரி நிக்கும், கோடு லேசா விழும். அந்தக் கோடியில 6B. B-ன்னா கருப்பு. கரி ஜாஸ்தி, களிமண்ணு கம்மி. தொட்டாலே அப்பிக்கும்."

"அப்ப மேடம் 6H, நான் 6B," என்றேன்.

"முதல்ல எல்லாம் பூமியில கிடைக்கிற கரிக்கல்லை, கிராஃபைட்டுன்னு சொல்வாங்களே, அதை அப்படியே அறுத்துதான் குச்சி செய்வாங்களாம். சண்டை வந்து ஒரு நாட்டுக்குக் கல்லு வரத்து நின்னு போச்சாம். அப்ப ஒருத்தர் மட்டமான கரியைப் பொடி பண்ணி, களிமண்ணோட பிசைஞ்சு, சூளையில சுட்டாராம். களிமண்ணைக் கூட்டினா கெட்டி, குறைச்சா மெத்துன்னு. அதுலேருந்துதான் இந்தத் தரமெல்லாம் வந்துச்சு. யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அக்கா இந்தக் கதையைச் சொல்லிட்டுத்தான் பென்சிலையே கையில குடுப்பாங்க." அவள் விரல் நடுவில் வந்து நின்றது. "இது HB, இது H. ரெண்டுக்கும் நடுவுல இதோ, F. கூர் நல்லா நிக்கும். ஆனா யாரும் கேட்டு வாங்கமாட்டாங்க. பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது."

"நீ வாயைத் திறக்காம இருந்தா நீ F," என்றார் மேடம் என்னிடம். பிறகு அந்தப் பெண்ணிடம், "படம் வரையிற குழந்தைக்கு F வாங்குவாங்களா?"

"எதுக்கு மேடம்? பாப்பாவுக்குன்னு அக்காவே டப்பா டப்பாவா 2B வாங்கி வச்சிருக்காங்களே. சின்னக் கைக்கு அதுதான் வலிக்காம ஓடும்."

மெக்கானிக் தலையாட்டினார். "ஆமா. வீட்டுல நிறையக் கிடக்கு."

மேடத்தின் கண் சுருங்கியது. "அப்ப பென்சில் முக்கியமில்லை. F தான் முக்கியம். இந்த ஆபீஸ்ல F-ன்னு வேற என்ன இருக்கு?"

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். அங்கே பெரிய வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. பாதி கட்டிய அடுக்குமாடி, A-யிலிருந்து H வரை எட்டு பிளாக். என் தலைக்குள் மணி அடித்தது. மேடத்துக்கு முன்னால் எனக்கு மணி அடிப்பது அபூர்வம் என்பதால் கத்தியேவிட்டேன். "F பிளாக்!"

"யார் கட்டுறது?" என்றார் மேடம்.

"சார்தான். இப்பக்கூட அங்கதான் போயிருக்காரு." அந்தப் பெண் குரலைத் தணித்தாள். "மேடம், போன வாரம் ஒருத்தர் வந்தாரு. நகைக்கடை ஒண்ணோட பாதாள அறை பிளான் வேணும்னு கேட்டாரு. அதை வரைஞ்சது அக்காதான். மூலப் படம் மழைத்தண்ணியில ஊறிப் போச்சு. இப்ப அது அக்கா மனசுல மட்டும்தான் இருக்கு. சார் கதவைச் சாத்திக்கிட்டு அந்த ஆளோட ரொம்ப நேரம் பேசுனாரு."

அதற்கப்புறம் எவனுக்குப் பொறுமை இருக்கும்? மெக்கானிக் படியில் இறங்கவில்லை, குதித்தார்.

*

F பிளாக்குக்குக் கதவு இல்லை, ஜன்னல் இல்லை, லிஃப்டும் இல்லை. லிஃப்டுக்காக விட்ட ஓட்டை மட்டும் கீழிருந்து மேல்வரை கிணறு மாதிரி நின்றது. மெக்கானிக் ஒவ்வொரு மாடியிலும் அந்த ஓட்டையின் விளிம்பில் மண்டியிட்டு, தலையை உள்ளே நீட்டி, "ஏ பாப்பாம்மா! பாப்பாம்மா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் குரலே மேலும் கீழும் போய்த் திரும்பி வந்தது. நான் அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். விழுந்துவிடுவாரோ என்பது பாதிப் பயம், கீழே எதையாவது பார்த்துவிடுவாரோ என்பது மீதிப் பயம்.

உச்சி மாடியில் ஆர்க்கிடெக்ட் கையில் டேப்போடு நின்றார். நான் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தேன். "எங்கய்யா வச்சிருக்க அவங்களை?"

"யாரை?" என்றார் அவர். அந்த 'யாரை'யில் நடிப்பு இல்லை. பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார், டிபன் பாக்ஸைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அந்த ஆளை நான் திட்டித்தாங்க அனுப்பினேன். கதவைச் சாத்துனது, கத்துறது வெளியில கேட்கக் கூடாதுன்னு. போகும்போது அவ மேஜைக்கிட்ட நின்னு பார்த்துட்டுப் போனான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரெண்டு நாளா வரலை, லீவுன்னு விட்டுட்டேனே."

ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம். மணல் இருந்தது, கம்பி இருந்தது, ஒரு பூனை இருந்தது. மேடம் தண்ணீர்த் தொட்டிக்குள்கூட டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான். அந்தக் குருட்டுப் பூனை நான். நிழல் கிழக்கே சாயத் தொடங்கியிருந்தது. மெக்கானிக் ஐஸ் உருகிவிட்டதா என்று டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். பாதி தண்ணீர்.

"வேற F யோசிங்க," என்றார் மேடம். "ஊர்ல எத்தனை F இருக்கும்?"

"ஆயிரம் இருக்கும் மேடம்," என்றேன். சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தேன். "ஆயிரம் F-ஐ இந்தச் சாயங்காலத்துக்குள்ள எப்படித் தேடுறது? எல்லாம் என் அவசரம். ஒரு காரீயப் பென்சிலை நம்பி..."

"தம்பி, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க," என்றார் ஆர்க்கிடெக்ட்.

சோகத்திலும் அவருக்கு அது வாய்தவறி வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார்.

"எந்த வார்த்தை?" என்றார் மேடம்.

"காரீயம். ஒண்ணுமில்லைங்க, பழக்கதோஷம். அவ காதுல அது விழுந்துச்சுன்னா தண்டனை உண்டு. ஆபீஸ்ல இருக்கிற அத்தனை பென்சிலையும் சீவணும். முதலாளின்னு எனக்கே தள்ளுபடி இல்லை, மூணு தடவை சீவியிருக்கேன்."

"ஏன் தண்டனை?"

"பென்சிலுக்குள்ள காரீயமே கிடையாதுங்களே. அந்தக் காலத்துல எங்கயோ புயல்ல மரம் சாஞ்சு, வேருக்கடியில கருப்பா கல்லு கிடைச்சுதாம். ஆடு மேய்க்கிறவங்க அதை வச்சு ஆட்டுக்குக் குறி போட்டாங்க. கருப்பா, பளபளன்னு இருந்ததால காரீயம்னு நினைச்சுட்டாங்க. தப்பான பேரு, ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு வரைக்கும் ஊரே அப்படித்தான் சொல்லுது. 'அது விஷம், இது கரி, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க'ன்னு சண்டைக்கு வருவா. அவ வாயிலேருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை."

மேடம் மெல்ல மெக்கானிக் பக்கம் திரும்பினார். "போன்ல என்ன சொன்னாங்க? மறுபடி சொல்லுங்க."

"நல்ல காரீயப் பென்சில்..." மெக்கானிக் நிறுத்தினார்.

"வீட்டுல அப்படிச் சொல்வாங்களா?"

"இல்லை. நான்தான் சொல்வேன். அவ திருத்துவா. கல்யாணம் ஆனதுலேருந்து திருத்திட்டிருக்கா." திறந்த வாயை அவர் மூடவில்லை.

"ஊரே செய்யிற தப்பு," என்றார் மேடம். "அதனால பக்கத்துல நின்னவனுக்குச் சந்தேகமே வரலை. அவங்க மட்டும் செய்யாத தப்பு. அதனால கேட்கிறவங்களுக்கு உறைச்சிருக்கணும். டேய் லொடலொடா, நீ பிடிச்ச சாவி சரிதான். பூட்டுதான் தப்பு. F எங்கன்னு அவங்க முதல்லயே சொல்லிட்டாங்க. பென்சில்ல இல்லாத காரீயம் நிஜமாவே இருக்கிற இடத்துல. காரீயம் எங்க இருக்கும்?"

"துப்பாக்கிக் குண்டு," என்றேன். "மீன் வலைக் குண்டு. அப்புறம் பழைய..."

"பேட்டரி," என்றார் மெக்கானிக்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. "கரண்ட் போனா லிஃப்ட் நடுவுல நிக்காம இருக்கிறதுக்குப் பேட்டரி வச்சிருப்போம். வீணாப் போனதைக் கழட்டி, ஊருக்கு வெளியில இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல குடுப்போம். அங்க உடைச்சு, காரீயத்தை உருக்கிப் பாளம் பாளமா எடுப்பாங்க. ஷெட்டு எல்லாத்துக்கும் எழுத்து போட்டிருக்கும்." "ரெண்டு மூணு தடவை வண்டியில அவளும் கூட வந்திருக்கா. மூக்கைப் பொத்திக்கிட்டு, இதுதான் நிஜக் காரீயம்னு எனக்குப் பாடம் எடுப்பா. மேடம், அவ எனக்குத்தான் சொல்லியிருக்கா. எனக்கு மட்டும் புரியிற மாதிரி சொல்லியிருக்கா."

"F ஷெட் தெரியுமா?"

"தெரியும்," என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதே அவர் முகம் செத்துப்போனது.

*

வண்டியை நான் ஓட்டவில்லை, விரட்டினேன். மேடம் முன்சீட்டில் தன் பழைய ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அங்கே இப்போது இன்ஸ்பெக்டராக இருப்பவர் அவரிடம் வேலை பழகியவர். "பழகுனதை மறந்திருந்தா வேலையை விட்டுடு," என்று மேடம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. ஆம்புலன்சுக்கும் சொன்னார்.

பின்சீட்டில் மெக்கானிக் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டின் முதுகில் தலையை முட்டிக்கொண்டே வந்தார். மெதுவாக அல்ல.

"அண்ணே, கண்டுபிடிச்சுட்டோம்ணே," என்றேன். "இனிமே எதுக்கு அழுறீங்க?"

"பேசாம ஓட்டுப்பா," என்றார். "உன் காலைப் பிடிச்சுக்கிறேன், பேசாம ஓட்டு."

வாழ்க்கையில் முதல்முறையாக நான் பேசாமல் ஓட்டினேன்.

எஸ்டேட் வாசலிலேயே ஆசிட் நாற்றம் மூக்கைச் சுட்டது. வழியெல்லாம் உடைத்த பேட்டரி ஓடுகள் கருப்பாகக் குவிந்து கிடந்தன. D, E தாண்டி F. தகரச் சுவர், இழுத்துச் சாத்திய ஷட்டர், பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. போலீஸ் இன்னும் வரவில்லை.

"காத்திருக்கிறதா மேடம்?" என்றேன்.

"அவங்க காத்திருப்பாங்களா?" என்றார் மேடம்.

நான் கதவைத் தட்டினேன். "அண்ணே, பேட்டரி லோடு!"

ஒருவன் தலையை நீட்டினான். லுங்கி, பனியன், கழுத்தில் கருப்புத் தூசி. என்னைத் தாண்டி மெக்கானிக்கைப் பார்த்தான். "நீங்களா அண்ணே? இன்னிக்கு லோடு எடுக்கலை. நாளைக்கு..."

அவன் 'வாங்க' என்று சொல்வதற்கு முன்பே மெக்கானிக் அவனைக் கதவோடு சேர்த்து உள்ளே தள்ளிவிட்டார். மேடம் அவன் கையை முதுகுக்குப் பின்னால் வளைத்த அழகைப் பார்த்தால் ஓய்வு பெற்றவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் என் பங்குக்கு அவன் கால்மேல் உட்கார்ந்தேன்.

உள்ளே உலை அணைந்து கிடந்தது. காரீயப் பாளங்களை அடுக்கி, அதன்மேல் ஒரு பலகை போட்டு, வரைவதற்கு மேஜை மாதிரி செய்திருந்தார்கள். பலகைமேல் தாள் இல்லை. ஒரு ஸ்கேலும் துண்டுப் பென்சில்களும் மட்டும் கிடந்தன. பின்சுவரை ஒட்டி, சாக்குமேல் அந்த அம்மா கிடந்தார். வாயில் துணி, கை கட்டியிருந்தது. நெஞ்சு மட்டும் வேக வேகமாக ஏறி இறங்கியது.

மெக்கானிக் துணியை அவிழ்த்தார். அழுகிய பழம் மாதிரி மூச்சு வாடை அடித்தது. உதடு வெடித்திருந்தது. "பாப்பாம்மா, இங்க பாரு. நான்தான். இங்க பாரும்மா." கண் திறக்கவில்லை. அவர் அந்தத் தலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஐஸ் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தார்.

"மத்தவங்க எங்கடா?" என்றார் மேடம், கையை இன்னும் கொஞ்சம் வளைத்து.

"படத்தை எடுத்துக்கிட்டு மதியமே கிளம்பிட்டாங்கம்மா. நகைக்கடைக்கு. என்னைக் காவலுக்குத்தான் விட்டாங்க."

"அவங்க சுகர் பேஷண்ட்டுன்னு தெரியுமா, தெரியாதா?"

"ஊசி ஊசின்னு கத்துனாங்க. நடிக்கிறாங்கன்னு நினைச்சோம்."

மேடம் அவனை அடிக்கவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. அடித்திருப்பேன், அதற்குள் போலீஸ் வண்டியும் அதன் பின்னால் ஆம்புலன்சும் வந்துவிட்டன. ஆர்க்கிடெக்டிடம் கேட்டு வைத்திருந்த நகைக்கடையின் பேரை மேடம் தன் சிஷ்யரிடம் சொன்னார். போலீஸ்காரர்கள் காவலுக்கு இருந்தவனையும் ஏற்றிக்கொண்டு வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்கள்.

*

ஆம்புலன்சில் மெக்கானிக்கோடு என்னையும் ஏற்றிவிட்டார் மேடம். "அந்த ஆள் தனியாப் போகக் கூடாது," என்றார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மேடத்துக்கு வண்டியில் வரும்போதே தெரிந்திருக்கிறது.

நர்ஸ் சலைன் ஏற்றினார். டாக்டரோடு போனில் பேசிக்கொண்டே ஊசியும் போட்டார். பிழைப்பாரா என்று நான் கண்ணாலேயே கேட்டேன். "இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா கஷ்டம்," என்றார் நர்ஸ். "இப்ப வந்துட்டீங்க. பார்ப்போம்." மெக்கானிக் காலடியில் உட்கார்ந்து மனைவியின் பாதத்தைப் பிடித்திருந்தார். அந்தக் குதிகால் இரண்டும் தோல் உரிந்து, காயம் கன்றிப் போயிருந்தது. அவர் கை அந்தக் காயத்தின் மேலேயே இருந்தது, தடவவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பெரிய சாலைக்கு வந்தபோது அந்த அம்மா கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு கணவரை.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்மா."

"பாப்பா?"

"அக்கா வீட்டுல. நல்லா இருக்கா. நீ பேசாதே, மூச்சு வாங்குது."

ஆனால் அவருக்குப் பேசவேண்டியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "நேத்தும் வந்தீங்களே."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாசல்ல உங்க குரல் கேட்டுச்சு. சீக்கிரம் இறக்குங்கன்னு கத்திக்கிட்டிருந்தீங்க. புரிஞ்சுக்கிட்டுதான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு." அவர் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். "வாயைக் கட்டியிருந்தாங்க. அதான் காலால சுவத்தை உதைச்சேன். நீங்க இருக்கிற வரைக்கும் உதைச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் வண்டி கிளம்பிடுச்சு."

நர்ஸ் சலைன் குழாயைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

மெக்கானிக் மனைவியின் பாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. முகத்தை எடுக்காமலேயே சொன்னார்.

"அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. உள்ளே பேட்டரி உடைக்கிறாங்கன்னு நினைச்சேன்."